கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு கெப்பாசிட்டர்

எங்கள் மாவட்டத்துக் கார் ஆடியோ மெக்கானிக்குகளுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. காலையில் ரோஜாப்பூ, மதியம் யாராவது ஒருவரின் சாப்பாட்டு இலை, சாயங்காலம் ஒயரிங் சந்தேகம் என்று அது ஒழுங்காக நடக்கிறது. போன வாரம் ராஜபாளையத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "கஸ்டமர் ஆம்ப்ளிபயருக்கு கெப்பாசிட்டர் வைக்கச் சொல்லுதாரு. வயரைக் கொடுத்தா பொறி பறக்கு. பயமில்லாம வைக்கிறது எப்படி?" அதற்கு இன்னொருவர், "ரிட்டயர்ட் அண்ணனைக் கேளுங்க. அவருக்கும் பொழுது போகணும்ல" என்று என்னைக் கோத்துவிட்டிருந்தார்.

நான் ரிட்டயர்ட் ஆனது வயதால் அல்ல, காதால். ஐம்பதைத் தாண்டியதும் வலது காதில் ஓர் இரைச்சல் குடியேறியது. எர்த் சரியில்லாத ஆம்ப்ளிபயரில் கேட்குமே, அதே இரைச்சல். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சத்தம் விற்கிறேன் என்றேன். விற்றது போதும் என்றார். ஊரில் எத்தனையோ வண்டிகளின் இரைச்சலை ஓர் எர்த் வயரில் தீர்த்தவன், என் காதுக்கு எர்த் எங்கே அடிப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கெப்பாசிட்டர் என்று அடித்ததும் ஒரு வேன் வந்து மனசுக்கு முன்னால் நின்றுவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு மேலே எழுத முடியவில்லை.

வேலை கற்ற கதையை நீட்ட மாட்டேன். விருதுநகரில் பிறந்தேன். அப்பா மிளகாய் வத்தல் மண்டியில் எடை போட்டவர். தும்மலோடு வளர்ந்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், அல்லது அந்தக் கட்டிடத்தில் இருந்தேன். கையில் எப்போதும் நூலகப் புத்தகம் இருந்ததால் அறிவாளி என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்கு எவரும் வேலை தரவில்லை. கடைசியில் சிவகாசியில் மகாராஜன் அண்ணாச்சியின் கார் ஆடியோ கடையில் போய் விழுந்தேன். கிட்டத்தட்ட என் உழைப்புக் காலம் முழுக்க அங்கேயே கிடந்தேன்.

அண்ணாச்சி அதற்கு முன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறைகளைச் சுற்றியே பாதி ஆயுளைக் கழித்தவர். அங்கே யாரும் கத்தக் கூடாது. கத்தினால் ஒருவர் திடுக்கிடுவார், திடுக்கிட்டவர் கையில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அந்தப் பழக்கத்தில் அவர் குரல் நிரந்தரமாக இறங்கிவிட்டது. ஊரிலேயே பெரிய சத்தத்தை விற்ற மனிதர், ஊரிலேயே மெல்லிய குரலில் விற்றார். கஸ்டமர்கள் கல்லாப்பெட்டி மேல் குனிந்து, ஏதோ ரகசியம் வாங்குவது போல ஸ்பீக்கர் வாங்கிப் போவார்கள். கூடவே இருந்ததில் என் குரலும் இறங்கிவிட்டது. அதனால் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் யாரையும் திட்டியதும் கிடையாது. வேலையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடையில் போய் நின்றுகொள்வார். பட்டாசு ஆலையில் தப்பு என்று பட்டால் முதலில் வெளியே போக வேண்டும், காரணத்தை அப்புறம் தேடலாம். அவர் எழுந்ததுமே நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தேட ஆரம்பிப்போம். நாங்கள் தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்து கையைக் காட்டினால்தான் திரும்பி வருவார். சில நாள் மூன்று டீ ஆகிவிடும்.

கடை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார். ஆலைகளில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் உள்ள இப்படியொரு தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். சிவகாசிக் கஸ்டமர்கள் பேச்சை நிறுத்தாமலே அதைத் தொட்டுவிட்டு நுழைவார்கள். மதுரைக்காரர்கள், "இது என்ன சாமிங்க?" என்பார்கள். ஒருவர் சந்தனமே பூசிவிட்டார். அண்ணாச்சி அதை மரியாதையாகத் துடைத்துவிட்டு, "சந்தனத்துல கரண்டு போகாதுங்க" என்றார்.

இனி கெப்பாசிட்டர். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பேட்டரிதான் ஆனைக்குட்டம் அணை. ஆம்ப்ளிபயர் கல்யாண வீட்டுச் சமையல்காரர். அவர் திடீரென்று பத்துக் குடம் தண்ணீர் கேட்டால் அணையிலிருந்து குழாயில் வந்து சேர்வதற்குள் அடி பிடித்துவிடும். அடுப்புப் பக்கத்திலேயே ஓர் அண்டா நிரம்பியிருந்தால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். அந்த அண்டாதான் கெப்பாசிட்டர். பாட்டில் பெரிய தாள அடி விழும்போதெல்லாம் வண்டியின் ஹெட்லைட் கண் சிமிட்டினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் அண்ணாச்சி எடுத்ததும் அண்டா விற்க மாட்டார். "மொதல்ல எர்த்தைப் பாருங்க. பாதி வண்டிக்கு இது தேவையே இல்லீங்க" என்பார். அவர் ஏன் பணக்காரர் ஆகவில்லை என்று ஊர் வியந்ததுண்டு, நான் வியந்ததில்லை.

தேவைதான் என்று ஆகிவிட்டால் அவர் முறை இதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, நுனியில் துணி சுற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் பீஸ் ஹோல்டர் இருக்க வேண்டும், கரண்டு மிஞ்சினால் உருகி அறுந்துவிடுகிற அந்தப் பீஸ் இப்போது நம் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கெப்பாசிட்டரை ஆம்ப்ளிபயரின் பக்கத்தில், ஆடாதபடி இறுக்க வேண்டும். எர்த்துக்குப் பாடியில் பெயிண்டைச் சுரண்டி, முகம் தெரிகிற அளவுக்கு இரும்பைப் பளபளப்பாக்கி, போல்ட் போட்டு, முதலில் நெகட்டிவ் வயர். ப்ளஸ், மைனஸ் இரண்டையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பிறகு பாசிட்டிவ் வயர். அதற்கப்புறம் பேட்டரி நெகட்டிவைத் திரும்ப மாட்டலாம். ஆனால் பீஸை நேரே சொருகக் கூடாது. வெறும் அண்டாவுக்கு அணையை மொத்தமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ராஜபாளையத்து அண்ணன் பார்த்த பொறி அதுதான்.

பீஸ் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு பல்பு. காரின் பிரேக் லைட் பல்பு, இரண்டு வயர் பற்ற வைத்தது. பல்பின் இரு முனைகளையும் பீஸ் ஹோல்டரின் இரு முனைகளில் வைத்தால் அது பளிச்சென்று எரியும். மெல்ல மஞ்சளாகும், சிவக்கும், உள்ளே ஒரு செம்மண் கோடாக நின்று, பிறகு அணையும். அணைந்தால் அண்டா நிரம்பிவிட்டது. வோல்ட் மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு பீஸைச் சொருகலாம், ஒரு பொட்டுப் பொறி வராது.

கழற்றும்போதும் அதே பல்புதான். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தாலும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பீஸைப் பிடுங்கிவிட்டு, பல்பைக் கெப்பாசிட்டரின் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் கொடுத்தால் எரிந்து, மங்கி, அணையும். அண்ணாச்சி அதோடு விட மாட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் மீட்டர் வைக்கச் சொல்வார். "அணைஞ்சிருச்சேன்னு நம்பிராதீக. உள்ளுக்குள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். நம்ம அங்கிட்டுத் திரும்புனதும் மேல வந்துரும்." படித்துப் பார்த்தேன். உண்மைதான், அதற்கு நீளமான பெயரெல்லாம் இருக்கிறது.

இந்த முறைக்குள்தான் பால்பாண்டியின் வேன் வந்தது.

பால்பாண்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு தினமும் வேன் ஓட்டியவர். ஆலைக்குள் போய்விட்டால் செல்போன் கிடையாது, ரேடியோ கிடையாது. பாட்டு என்றால் காலையிலும் மாலையிலும் வேனில்தான். "பாட்டு நல்லா இல்லேன்னா வேற வேன்ல ஏறிருவாளுக அண்ணே" என்று அவர் கேட்டதால் நல்ல செட்டாகப் போட்டோம். கடைசி சீட்டின் முதுகுப்பக்கம் தாள அடியை அதிரவைக்கும் பெரிய பேஸ் பாக்ஸ், சீட்டுக்கு அடியில் கெப்பாசிட்டர், அதன் மேல் மூடி.

கெப்பாசிட்டரின் தலையில் நீல நிறத்தில் வோல்டேஜ் எண்கள் ஓடும். அம்புட்டு அழகை யாராவது மூடி வைப்பார்களா என்று பால்பாண்டி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டார். வேனின் பின்கதவு பக்கத்தில், இறங்குகிற வழியில், பளபளவென்று ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்று இரண்டு பித்தளைத் தலைகள். மற்ற ஊராக இருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த ஊர்ப் பெண்கள் வாசலில் பளபளக்கிற எதையும் தொடாமல் தாண்ட மாட்டார்கள். கம்பெனிதான் வேனிலும் தகடு வைக்கச் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கேட்டில் இறங்கும்போது ஒவ்வொருவராக அதைத் தொட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு வோல்ட் விரலுக்கு உறைக்காது. அதனால் பல நாள் எதுவும் நடக்கவில்லை.

ஒருநாள் காலை ஜெயக்கொடி தொட்டாள். கடைசி சீட்டு அவளுடையது. கையில் உலோக வளையல். ஆலைக்குள் ஆகாது என்பதால் கேட்டில் கழற்றிப் பைக்குள் போடுவது வழக்கம், அன்று கழற்றும் முன்பே தொட்டுவிட்டாள். வளையல் ஒரு பக்கம் ப்ளஸ்ஸிலும் மறுபக்கம் மைனஸிலும் விழுந்தது.

பால்பாண்டி சொல்லித்தான் மிச்சம் தெரியும். மத்தாப்புக் கட்டு மொத்தமாகப் பிடித்தது போல ஒரு வெளிச்சம். வேனிலிருந்த பெண்களில் ஒருத்திகூடக் கத்தவில்லை. பழகிய வழக்கப்படி, தள்ளாமல் இறங்கி, ஜெயக்கொடியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, தூரத்துப் புளியமரத்தடியில் போய் வரிசையாக நின்றுவிட்டார்கள். கத்தியது பால்பாண்டி மட்டும்தான். கேட்டுக்கு வெளியேதான் நடந்தது, ஒரு மணிக்கட்டு மட்டும்தான் வெந்தது. ஆனால் வாட்ச்மேன் பார்த்துவிட்டார். மேனேஜரின் உத்தரவு மதியத்துக்குள் வந்தது: வேனில் பாட்டுச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது, கழற்றாவிட்டால் வேறு வேன்.

மறுநாள் பால்பாண்டி வேனைக் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே மணிக்கட்டில் கட்டோடு ஜெயக்கொடியும், அவளுக்குக் காவலாக முத்துமாரியக்காவும். முத்துமாரியக்கா அந்த வேனின் வாய்.

"எல்லாத்தையும் கழத்திருங்கண்ணே" என்றார் பால்பாண்டி.

ஜெயக்கொடி எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னாள்: "கழத்தாதீக. சுட்டது என் கை. நான்தான சொல்லணும்? வச்சிருங்க."

அண்ணாச்சி தன் குரலில் ஏதோ சொன்னார். அவள் முத்துமாரியக்காவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க பேசுறது எனக்கே கேக்கலை. அவளுக்கு எங்கன கேக்கும்?" என்றாள் முத்துமாரியக்கா. "முன்னாடி வேற எடத்துல வேல பாத்தப்ப ஒரு வெடி. ஆளு பொழச்சா, காது போச்சு. பாட்டெல்லாம் அவளுக்கு இல்லேன்னு ஆயிருச்சு. இந்தப் பொட்டி மேல முதுகைச் சாச்சு உக்காந்தா அடி மட்டும் தெரியுதாம். அத வச்சு எது என்ன பாட்டுன்னு சொல்லிருவா. பந்தயம் கட்டி நானே தோத்திருக்கேன்."

அண்ணாச்சி எழுந்து ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். தப்பு எங்கே என்று நான் வேனைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். அன்று அவர் திரும்பி வர நான் கையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு அவரே வந்தார். "மேனேஜரப் பாத்துட்டு வருவோம். அந்தப் பல்பை எடுத்துக்கோங்க" என்றார்.

மேனேஜர் நியாயமான மனிதர். அவர் பயம் எனக்குப் புரிந்தது, அவர் கண் முன்னால் எத்தனையோ பேரின் உயிர். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, அண்ணாச்சி பீஸைப் பிடுங்கி, கெப்பாசிட்டருக்குப் பல்பைக் கொடுத்தார். பட்டப்பகலில் அது எரிந்து மங்கி அணைந்ததை மேனேஜர் குனிந்து பார்த்தார்.

"அணைஞ்சப்புறம்?"

"மறுபடி மீட்டர் வச்சுப் பாக்கணும். பாத்துட்டா வெறும் டப்பா."

"டிரைவர் ஒருநாள் மறந்துட்டா?"

கேள்வி கேட்ட மேனேஜரே யோசித்தார். கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு மரப்பெட்டி உண்டு, தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "பீஸும் அந்தப் பொட்டிக்குள்ள வரணும். பல்பு அணையுறத வாட்ச்மேன் கண்ணால பாக்கணும். ரெண்டும் நடந்தா வண்டி உள்ள வரட்டும்" என்றார். நாங்கள் யோசிக்காத பூட்டு அது.

அப்படியே ஆயிற்று. கெப்பாசிட்டரை வேனிலேயே தனியாக ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். பல்பைப் பின்கதவுக்கு மேலே பொருத்தி ஒரு சுவிட்ச் கொடுத்தோம். மேலே தள்ளினால் நிரப்பும், கீழே தள்ளினால் வடிக்கும். கதவோரம் ஒரு துண்டுச் செம்புத் தகடும் பதித்தார் அண்ணாச்சி. "எதையாச்சும் தொடாம இவுக எறங்க மாட்டாக. தொடட்டும்."

ஒருமுறை போய்ப் பார்த்தால் போதுமான வேலை. நான் வாரம் தவறாமல் போனேன். ஸ்குரூ தளர்ந்திருக்கும், வயர் உரசியிருக்கும் என்று தினுசு தினுசாகக் காரணம் கண்டுபிடித்தேன். முத்துமாரியக்காவுக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது.

"என்ன ஸ்பீக்கர்காரரே, பல்பு நல்லாத்தான எரியுது? நீங்க எதுக்கு வெயில்ல காயுதீக?"

"வைப்ரேஷன்ல ஹோல்டர் லூசாகும்க்கா."

"ஆமாமா, லூசாத்தான் தெரியுது."

ஜெயக்கொடி என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஒருநாள் மாலை, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்: "காலையில இது அணைஞ்சா பாட்டு போயிருது. சாயந்தரம் இது அணைஞ்சாத்தான் பாட்டு வருது. பல்பைப் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு." நான் படித்த பாடப்புத்தகங்களில் இந்த வாக்கியம் இல்லை.

அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. அதைச் சொல்லத் தோதான சொற்களை நூலகம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவை மெதுவாகச் சொல்ல வேண்டிய சொற்கள். மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது, வாயசைவும் தெரியாது. உரக்கச் சொன்னால் வேனுக்கே கேட்கும். என் குரலோ அண்ணாச்சியிடம் வேலை பார்த்த குரல். இத்தனைக்கும் நடுவில் ஒரு மாலை துணிந்து, பேஸ் சரிபார்க்கிறேன் என்று வேனில் ஏறிக் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடும்போது உரக்கச் சொன்னால் மற்றவர்களுக்குக் கேட்காது, அவள் வாயசைவில் படித்துக்கொள்வாள் என்பது என் கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். சரியாக அந்த நொடியில் பாட்டு முடிந்தது.

வேன் முழுக்க அமைதி. வாயைத் திறந்தாகிவிட்டது.

"கைப்புண்ணு ஆறிருச்சா?" என்று கத்தினேன்.

"ஆறிருச்சு!" என்றது மொத்த வேனும்.

ஜெயக்கொடி சிரித்தாள். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். வளையல் போட்ட இடத்தில் வளையல் போலவே ஒரு தழும்பு. பிறகு தான் சாய்ந்திருந்த பெட்டியைக் கையால் தட்டி, முதுகைச் சாய்த்துப் பாருங்க என்று சைகை காட்டினாள். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் சாயவில்லை. எனக்குத்தான் காது நன்றாகக் கேட்டதே.

அந்த வருட மழைக்குக் கம்பெனி சில வாரம் மூடியிருந்தது. திறந்த பிறகு போனபோது கடைசி சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். நான் கேட்காமலே முத்துமாரியக்கா சொன்னாள்.

"அண்ணன்காரன் குடும்பத்தோட திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்கன பனியன் கம்பெனில மிசின் சத்தத்துல எவளுக்கும் காது கேக்காதாம். எல்லாம் சாடை பேச்சுதானாம். இவளுக்கு அங்கன ஒரு கொறையுமில்ல."

நல்ல செய்திதான். ஹோல்டர் ஸ்குரூவை ஒருமுறை இறுக்கிவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்த வேனின் ஸ்குரூக்கள் ஏனோ தளரவில்லை.

அண்ணாச்சி இப்போது கடையை விற்றுவிட்டு வீட்டில் டி.வி.யை மியூட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதுக் கார்கள் திரையோடும் பாட்டோடும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை, முதுகு வலி மிச்சம். போன மாதம் பால்பாண்டி போன் செய்தார். வேனை விற்கப் போகிறாராம், செட்டை நானே கழற்றித் தர வேண்டுமாம். "வேற ஆள் கைய வச்சா பயமா இருக்குண்ணே."

வேன் அவர் வீட்டு வாசலில் நின்றது. கழற்றும் முன் ஸ்பீக்கர்ப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அது முறை. பால்பாண்டியைப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். என் காதில் பாதி பாட்டு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. அப்போது முதுகைப் பெட்டியில் சாய்த்தேன். அடி ஒவ்வொன்றாக விலா எலும்புக்குள் வந்து இறங்கியது. மூன்றாவது அடியில் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது.

"என்னண்ணே, வேலை செய்யுதா?" என்று முன்னாலிருந்து கேட்டார் பால்பாண்டி.

"இன்னொரு பாட்டுப் போடுங்க. சரியாத் தெரியலை" என்றேன்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு இறங்கிப் போய் பீஸைப் பிடுங்கினேன். பின்கதவுக்கு மேலிருந்த சுவிட்சைக் கீழே தள்ளினேன். பல்பு எரிந்தது. மஞ்சளாகி, சிவந்து, செம்மண் கோடாக நின்று, அணைந்தது. பால்பாண்டி வீட்டில் கொடுத்த டீயைக் குடித்தேன்.

ராஜபாளையத்து அண்ணனுக்கு என் பதில் இதுதான். எர்த்தை முதலில் கொடுங்கள். பீஸுக்குப் பதில் பல்பை வையுங்கள், அணைந்த பிறகு பீஸைச் சொருகுங்கள். மூடியைக் கழற்ற விடாதீர்கள். கழற்றும்போது பல்பு அணைந்துவிட்டதே என்று உடனே கையை வைத்துவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி மீட்டர் வையுங்கள். அன்று நானும் வைத்தேன். முள் லேசாக அசைந்தது.